பதினொன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

உங்கள் அறிக்கை நன்றாக வந்திருக்கிறது. முப்பத்திரண்டு பக்கம், படங்கள் தெளிவு, கார் பாகங்களின் பெயர்கள்கூட ஓரிடத்தில்தான் இடறுகின்றன. மேரிபரோவில் நாற்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், போலீஸ்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதில் ஒரு விஷயம் மட்டும் தவறு. பதினொன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. அதைத் திருத்தச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் விஷயத்துக்கு வருவேன் என்று என் மனைவி ஹேசல் சொல்வாள். எழுதினால் கொஞ்சம் நேராக வரும்.

அறிக்கையின் சாரம் இதுதான். டெஸ் கினேன் என்ற ஓய்வுபெற்ற பேக்கரிக்காரன், தன் 1971ஆம் வருடத்து இங்கிலீஷ் காரின் பழைய பெட்ரோல் இன்ஜெக்ஷனை, அனுபவம் இல்லாமல் தானே பழுதுபார்த்தான். அந்த வேலையில் நேர்ந்த குறையால் மார்ச் மாதம் அவோகாவைத் தாண்டிய மேட்டில் கார் தீப்பிடித்தது. அவன் மனைவி நோரீன் அதில் இறந்தாள். எங்கள் பழங்கார் மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி நெவில் ட்ரெலோர், அதாவது நான், வழக்கமான பரிசோதனையைச் செய்திருந்தேன். வெளியே தெரியாத அந்தக் குறையை நான் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் பெண்டிகோவிலிருந்து வந்து என் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டீர்கள். காரைப் பரிசோதித்தது நீங்களா என்றீர்கள். ஆம் என்றேன். டெஸ்ஸின் வேலை எப்படி இருந்தது என்றீர்கள். நன்றாக இருந்தது என்றேன். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை, ஹேசல் சுட்ட லாமிங்டன் கேக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

கார் எஞ்சினுக்குப் பெட்ரோல் போக இரண்டு வழி உண்டு. கார்புரேட்டர் இருந்தால் எஞ்சின் தனக்கு வேண்டியதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குழாயில் பெட்ரோல் சும்மா ஒழுகி வந்தால் போதும். இன்ஜெக்ஷன் அப்படி இல்லை. டிக்கியில் ஒரு பம்பு உட்கார்ந்துகொண்டு, டயரில் இருக்கும் காற்றைப்போல மூன்றரை மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளும். ஆகவே முதலாவதற்குப் போடுகிற ரப்பர் குழாயை இரண்டாவதற்குப் போடக் கூடாது. இது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம்.

இந்தக் கார் முதலில் கால்நடை டாக்டர் பாஸ்கோவினுடையது. 1986இல் அதை என்னிடம் கொண்டுவந்தார். வெயில் ஏறினால் எஞ்சின் திணறும், மேட்டில் நின்றுவிடும், ஆறிய பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். பம்பை மாற்றினேன், பெட்ரோலைத் தூவும் ஊசிகளை மாற்றினேன், பெட்ரோலின் அளவைப் பிரிக்கும் பெட்டியை நான்கு முறை கழற்றி மாட்டினேன். கடைசியில் டாக்டரிடம், இந்த இன்ஜெக்ஷன் பிறவியிலேயே நோயாளி, இதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் வைத்துக்கொள்வதுதான் அறிவு என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். கழற்றிய சாமான்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டுத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அதே மாதிரி கார் வைத்திருந்த எல்லோரும் என்னிடம் வந்தார்கள். எல்லோருக்கும் அதையே சொன்னேன். எங்கள் மன்றத்தில் மட்டும் ஒன்பது கார்களிலிருந்து இன்ஜெக்ஷனைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் கொட்டியிருக்கிறேன். மாவட்டம் முழுக்க, நெவ் முடியாது என்று சொன்னால் முடியாது என்று பேச்சு. ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு பேச்சு சும்மா வந்துவிடாது. அதற்கு நாற்பது வருடம் ஆகிறது.

டாக்டர் போன பிறகு காரை டெஸ் வாங்கினான். டிக்கியில் அந்தப் பெட்டியும் இருந்தது. நானும் அவனும் முப்பது வருடச் சிநேகிதர்கள். அவனுக்குக் கார் பிடிக்கும், கார் வேலை தெரியாது. நட்டு இறுக்கக்கூட என்னைக் கேட்டுத்தான் இறுக்குவான். அது எங்கள் இருவருக்குமே வசதியாக இருந்தது.

போன வருடம் ஜூன் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான். கார்புரேட்டரோடு அப்படியே விடுவதா, பெட்டியை மெல்போர்னில் இதற்கென்றே இருக்கிற நிபுணரிடம் அனுப்புவதா, அல்லது தானே உட்கார்ந்து சரிசெய்வதா என்று. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கார்புரேட்டர் நல்லாத்தானே ஓடுது. எதுக்குடா ஓடுறத நோண்டுற?" என்றேன்.

"கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படிப் பாக்கணும்னு ஒரு ஆசைடா."

"இது கேக் சுடுற மாதிரி இல்ல டெஸ்."

"கேக்குலயும் அளவு தப்பினா எழும்பாதுடா," என்றான் அவன். கூட்டம் சிரித்தது. செயலாளர் லின்டன் ஹாக்கிங் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து சாமான்களைத் துணியில் பரப்பி வைத்திருந்தான். கொஞ்சம் மிரண்டுபோய்த்தான் இருந்தான். நோரீன் ஜாமும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் நேராகவே சொன்னாள்.

"மெல்போர்னுக்கு அனுப்பிடச் சொல்லுங்க நெவ். இவருக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. பெட்ரோல் சமாச்சாரம், எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாரு."

டெஸ் என் முகத்தைப் பார்த்தான். "நீ சொல்லு. அனுப்பிடட்டுமா?"

அந்த நிபுணரை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவர் கைப்பட்ட கார் திணறுவதில்லை என்பது தெரியும். பெட்டி மெல்போர்னுக்குப் போனால் எட்டு மாதத்தில் சரியாகித் திரும்பி வந்துவிடும். அப்புறம் அந்தக் கார் ஒவ்வொரு ஞாயிறும் என் கண்முன்னால் ஓடும். டெஸ் செய்தால் அது ஓடவே ஓடாது. இரண்டு மாதத்தில் கையை விரித்துவிட்டு என்னிடமே வந்து, நீ அன்னைக்கே சொன்னியே என்பான். இதை நான் அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொன்ன பதில் தெளிவாகத்தான் இருந்தது.

"நீயே செய். யாரோ ஒருத்தன் செஞ்ச வேலைய ஓட்டுறதுல என்னடா பெருமை? நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"நெவ் சொன்னா சரிதான்," என்று நோரீன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஒரு நாள் நானாகவே எட்டிப்பார்த்தேன். கொட்டகை அவனுடைய பழைய பேக்கரியைப்போல இருந்தது. ஒவ்வொரு திருகும் தனித்தனிக் கிண்ணத்தில், கிண்ணத்தின் மேல் சீட்டு, சீட்டில் நோரீனின் கையெழுத்து. மேசையில் ஆறு ஜாம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எஞ்சினின் ஆறு ஊசிகளையும் ஆறு பாட்டில்களில் விட்டு, பம்பை ஓட்டி, எது எவ்வளவு பெட்ரோலைத் துப்புகிறது என்று பேக்கரித் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தோன்றியதே இல்லை. நான் எப்போதும் காதால் கேட்டுத்தான் வேலை செய்வேன்.

"ஆறும் ஒரே அளவு பாத்தியா," என்றான். "ஆனா பம்பு சூடானா எல்லாத்துலயும் கொறையுது. ஊசியில கோளாறு இல்லடா. பம்புக்குக் கரண்டு பத்தல. டிக்கி வரைக்கும் வர்ற வயரு நூல் மாதிரி இருக்கு. தடியா ஒண்ணு இழுத்துப் பாக்கப்போறேன்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு தடித்த வயர். நான் மூன்று மாதம் மல்லுக்கட்டி, ஒன்பது கார்களைக் குடல் உருவி, நாற்பது வருடம் பிறவி நோய் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததற்குப் பதில் ஒரு தடித்த வயர். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என்னிடம் ஒப்புதல் கேட்கிற மாதிரி சொன்னான். போட்டுப் பார் என்றேன்.

நவம்பரில் மன்றத்தின் பார்பிக்யூ நாளன்று காரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். துணியை எடுத்து, சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். 1986இல் மூன்று மாதம் அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டான், ஒரு இருமல்கூட இல்லை. ஆட்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். லின்டன் கையில் பீரோடு என் பக்கத்தில் வந்தான்.

"என்ன நெவ், ஒம்பது கார் சாமானையும் குப்பையில போட்டியே, இப்பப் போய்த் தோண்டலாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் அன்னைக்குச் சரியாத்தான்டா சொன்னான். அப்ப இந்த வயரெல்லாம் ஏது," என்று எனக்கு வக்காலத்து வாங்கினான். வயர் அப்போதும் இருந்தது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்குள் மூன்று பேர் தங்கள் கார்களின் இன்ஜெக்ஷனைப் பற்றி டெஸ்ஸிடம் போய்க் கேட்டார்கள். என்னிடம் வரவில்லை.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். எங்கள் மாநிலத்தில் பழைய கார்கள் மன்றத்தின் பர்மிட்டில்தான் ரோட்டுக்கு வருகின்றன. மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி காரைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பெரிய வேலைக்குப் பிறகு மறுபடியும் பார்க்கவேண்டும். இதை ஆபீசில் வைத்து யாரும் செய்வதில்லை. கார்க்காரர் வீட்டுக் கொட்டகைக்கே போவேன், அடியில் படுத்துப் பார்ப்பேன், கையெழுத்துப் போட்டதும் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவருவாள். மன்றத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு, எந்தப் புத்தகத்திலும் எழுதாதது. ஒருவர் இறுக்கிய க்ளிப்பை இன்னொருவர் அவரைக் கேட்காமல் அவிழ்க்க மாட்டார். அவிழ்த்தால் அவர் வேலையை நம்பவில்லை என்று அர்த்தம். இதற்காகவே பேச்சுவார்த்தை இல்லாமல் போன ஆட்கள் எங்கள் மன்றத்தில் உண்டு.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். அவன் போட்ட வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். டிக்கியிலிருந்து வரும் குழாய் புதிது, அழுத்தம் தாங்குவது. எஞ்சின் பக்கத்துக் குழாயும் புதிது. நடுவில் தரைக்கு அடியில் ஓடுகிற இரும்புக் குழாயைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்திருந்தான்.

ஒரே ஓர் இடம் தவிர. பின் அச்சுக்கு மேலே குழாய் வளைந்து போகும் இடம் 1986இலேயே துருப்பிடித்திருந்தது. அப்போது ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு ரப்பர் குழாய் போட்டு இரண்டு முனையிலும் க்ளிப் இறுக்கியிருந்தேன். டாக்டர் காரைக் கடைசியாகச் சர்வீஸுக்குக் கொண்டுவந்தபோது, 2012இல், அதைப் புதிதாக மாற்றியதும் நான்தான். கார்புரேட்டருக்கான குழாய். வெளியே துணிப் பின்னல் போட்டது, பார்த்தால் எந்த அழுத்தத்துக்கானது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நான்கு விரற்கடை தூரத்தில் சைலன்சர் குழாய் போகிறது.

டெஸ் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஒரு துண்ட மட்டும் நான் தொடலடா," என்றான். "இது உன் கை. க்ளிப்பப் பாத்ததுமே தெரிஞ்சுது. உன்னைக் கேக்காம அவுக்க வேணாம்னு வெச்சிருக்கேன். மாத்தணுமா, இருக்கட்டுமா?"

இதுதான் நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி. நீங்கள் கேட்காததை டெஸ் கேட்டான், சரியான நேரத்தில், சரியான ஆளிடம்.

என் விரல் அந்தக் குழாயின் மேல்தான் இருந்தது. பின்னல் ஈரமாக இருந்தது. அதிகம் இல்லை, விரலில் வாசனை வரும் அளவுக்கு. இடுப்பிலிருந்த துணியை எடுத்து அதைத் துடைத்தேன்.

"இருக்கட்டும். நான் போட்டதுதானே," என்றேன்.

எழுந்து கை கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நோரீன் டீ கொண்டுவந்தாள். சோப்புப் போட்டும் விரலில் பெட்ரோல் வாசனை போகவில்லை. கிளம்பும்போது ஹேசலுக்கு என்று ஆப்ரிகாட் ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தாள். ஊசி சோதித்த ஆறு பாட்டிலில் ஒன்றில்லை, புதுப் பாட்டில் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அதில் இன்னும் பாதி எங்கள் அலமாரியில் இருக்கிறது.

நான் அவர்களைக் கொல்ல நினைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு. நான் நினைத்தது இதுதான். மன்றத்தின் அடுத்த பயணத்தில், மேட்டில் ஏறும்போது, எல்லோர் முன்னாலும் கார் நின்றுவிடும். பெட்ரோல் வாசனை வரும். டெஸ் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பான். நெவ் சொன்னது சரிதானப்பா, இந்த இன்ஜெக்ஷன் நமக்குச் சரிப்படாது என்று யாராவது சொல்வார்கள். நான் என் வேனில் கட்டி இழுத்துக்கொண்டு வருவேன். அவ்வளவுதான். அதை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் அதில் தீ வந்ததில்லை.

இருந்தாலும் நேராக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் காரில் தீயணைப்பான் வைத்திருப்பார்கள். நான் வைத்ததே இல்லை. வைத்தவர்களைக் கேலி செய்வேன். வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன்தான் சிவப்புப் புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவான் என்பது என்னுடைய பிரசித்தமான பேச்சு, லின்டன் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருப்பான். மார்ச் மாதப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பல்லராட்டுக்குப் போய் ஒரு தீயணைப்பான் வாங்கினேன். மேரிபரோவில் வாங்கவில்லை. அதை வேனின் பின்னால், பிக்னிக் கம்பளத்துக்கு அடியில் வைத்தேன்.

எப்போதும் வரிசையில் முதலில் போகிறவன் நான். அன்று கடைசியாக வருகிறேன் என்று லின்டனிடம் சொன்னேன். வயசாகுதா பெரியவரே என்றான்.

அன்று நல்ல வெயில். பதினான்கு கார்கள். டெஸ்ஸின் கார் எனக்கு நேர் முன்னால் போனது. கிளம்புவதற்கு முன்பு, ஓட்டுகிற நாளைக் குறிக்கவேண்டிய பர்மிட் புத்தகத்தில் தேதியை எழுதி நோரீனிடம் காட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சரி என்றாள். நீலக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். போன வருடம்தான் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள், அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார அவளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவோகா தாண்டி மேடு ஆரம்பித்ததும் எனக்கு வாசனை வந்தது. என் வேனின் கண்ணாடி திறந்திருந்தது. ஹேசல், பெட்ரோல் நாறுதே என்றாள். நம்முடையதுதான் என்று சொன்னேன். மேட்டின் பாதியில், அவன் காருக்கு அடியிலிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. அது புகை இல்லை, பெட்ரோல் தூவல். ஹார்ன் அடித்திருக்கலாம். என் கை ஹார்ன் மேல்தான் இருந்தது. கார் நின்றால் எல்லோரும் பார்க்கும்படி நிற்கட்டும், இன்னும் கொஞ்சம் மேலே போகட்டும் என்று இருந்தேன். நூறு மீட்டர் இருக்கும்.

அப்புறம் நடந்ததை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். டெஸ் தன் பக்கக் கதவைத் திறந்து விழுந்தான். சுற்றிக்கொண்டு அவள் பக்கம் ஓடினான். கதவு திறந்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் கைகள் தீயில் வெந்துபோனது அப்போதுதான்.

நான் வேனை விட்டு இறங்கினேன். பின்கதவைத் திறந்தேன். கம்பளத்தைத் தூக்கினேன். முன்னால் போன கார்களிலிருந்து ஆட்கள் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தார்கள், லின்டன் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்துவிட்டான். நெவ்வின் கையில் சிவப்புப் புட்டி ஏது என்று அவன் கேட்பான் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு அப்படியும் தோன்றுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றியது. கம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழே இருந்ததைத் துண்டு போட்டு மூடிவிட்டு ஓடினேன். கம்பளத்தால் அடித்தேன். நான் போராடியதாக ஆறு சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் அறிக்கையில் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் நின்ற லின்டனின் காரிலிருந்து தீயணைப்பான் வந்து சேர மூன்று நிமிடம் ஆயிற்று.

தீயணைப்பான் இன்னும் வேனில்தான் இருக்கிறது. சீல் உடைக்காதது. ஹேசலுக்குக்கூடத் தெரியாது.

டெஸ் ஏழு வாரம் மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் இருந்தான். திரும்பி வந்ததிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஹேசல் வைத்துத் தரும் பட்டாணி சூப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கரண்டி பிடிக்க வராது, ஊட்டிவிடவேண்டும். அதையும் செய்கிறேன். மூன்றாவது வியாழக்கிழமை அவனே பேச்சை எடுத்தான்.

"அவ அனுப்பிடுன்னு சொன்னாடா. மெல்போர்னுக்கு அனுப்பிடுன்னு உன் முன்னாடிதானே சொன்னா. நான்தான் பெரிய இவன் மாதிரி நானே செய்யறேன்னு உக்காந்தேன்."

நீயே செய் என்று சொன்னது யார் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேன். அது அவன் ஞாபகத்தில் இருந்ததா என்று தெரியவில்லை. அடுத்ததாகச் சொன்னது வேறு.

"போலீஸ் கேட்டாங்க. எல்லா வேலையும் என்னோடதுன்னு சொல்லிட்டேன். அச்சு மேல இருந்த அந்தத் துண்டு உன்னுதுன்னு நான் சொல்லலடா. உன்னை எதுக்கு இழுக்கணும்? கார்புரேட்டருக்குப் போட்டது நீ. அதுல கரண்டு பம்ப மாட்டினவன் நான். நான் கேட்டப்ப உன் கண்ணுல அது படல, அவ்வளவுதான். அந்த இருட்டுல யாருக்குத் தெரியும்?"

"விடுடா. சூப் ஆறுது," என்றேன்.

அவன் அழுதான். அவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது, நான்தான் துடைத்துவிட்டேன். அன்று முதல் அவன் என்னிடம் மட்டும்தான் பேசுகிறான். தன் பிள்ளைகளிடம் பேசுவதில்லை, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறான். அடுத்த மாதம் மரண விசாரணைக் கோர்ட்டில், என் மனைவியைக் கொன்றது நான்தான் என்று சொல்லப்போவதாக எழுதி வைத்திருக்கிறான். எழுதியது நான். அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

மன்றத்தில் இப்போது நிலைமை பழையபடி ஆகிவிட்டது. இன்ஜெக்ஷனைப் பற்றி டெஸ்ஸிடம் கேட்ட மூன்று பேரும் என்னிடம் வந்து கார்புரேட்டர் போடச் சொல்லியிருக்கிறார்கள். நெவ் அப்போதே சொன்னான் என்று ஊரில் பேசுகிறார்கள். நான் நினைத்தபடியேதான் எல்லாம் முடிந்திருக்கிறது. இடையில் நோரீன் ஒருத்திதான். இதை எழுதும்போது எனக்கே இது எப்படி ஒலிக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத் தெரிகிறது. இருந்தாலும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், இன்னும் இருந்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அறிக்கை மன்றத்துக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரி என்பதால் ஒரு பிரதி எனக்கும் கொடுத்தார்கள். லின்டன் எனக்கு முன்பே படித்துவிட்டு, கூட்டத்தில் சத்தமாக வாசித்தான். பதினொன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. 'அச்சுக்கு மேலிருந்த இணைப்பு, தொழில் தெரியாத கையால் அலட்சியமாகச் செய்யப்பட்டது.'

பாவம் டெஸ் என்றான் லின்டன். அதைப் பார்த்தாலே தெரிகிறதே, பேக்கரிக்காரன் வேலை என்றான் இன்னொருவன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டவேண்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இந்தக் கடிதத்தால் எனக்கு என்ன ஆகும் என்பது தெரியும். பல்லராட்டில் தீயணைப்பான் வாங்கிய ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். குழாய் ஈரமாக இருந்ததைப் பார்த்துத் துடைத்தது நான், இருக்கட்டும் என்று சொன்னது நான், கையெழுத்து என்னுடையது. ஹார்ன் அடிக்காததும் நான்தான். இதில் எதையும் மறுக்கமாட்டேன். வழக்கறிஞர் வேண்டாம்.

ஆனால் அந்த வரி உண்மை இல்லை. அந்த இணைப்பு 2012 ஏப்ரலில் என் கையால் செய்தது. குழாயின் இரண்டு முனையும் நேராக வெட்டப்பட்டவை, உங்கள் ஏழாவது படத்திலேயே மிச்சத்தைப் பார்க்கலாம். க்ளிப் இரண்டும் சரியான அளவு. அடுத்து வேலை செய்பவனுக்கு ஸ்க்ரூடிரைவர் எட்டவேண்டும் என்று அவற்றின் தலையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தேன், பேக்கரிக்காரன் யாரும் அப்படி யோசிக்கமாட்டான். கார்புரேட்டருக்கு அது குறையில்லாத வேலை. வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தொழில் தெரியாத கை என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

நெவில் ட்ரெலோர்